பந்தயத் திடலிலிருந்து வந்த குடும்பமும் அவர்களின் ஓட்டுநர் பள்ளியும்

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற சாலையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை செய்வது ஒரே வேலைதான்: எல்.எல்.ஆர். போட்டுத் தருவது, கிளட்சைப் பதமாக விடப் பழக்குவது, ஆய்வாளர் முன்னால் வண்டி அணைந்துவிடாமல் ஓட்டிக் காட்டும் அளவுக்குத் தேற்றி அனுப்புவது. அதில் குறை காண ஒன்றுமில்லை. வருகிறவர்கள் கேட்பதும் அதைத்தான். உச்சிப்புளிக்கு அப்பால், நெடுஞ்சாலையிலிருந்து வடகடல் பக்கம் பிரியும் ஒரு மண்பாதையின் ஓரத்தில் இருக்கும் பள்ளி வேறு வகையைச் சேர்ந்தது. மோட்டார் பந்தயத் திடலில் தொழில் தொடங்கிய ஒரு மெக்கானிக்கும், அவர் மனைவியும், மூத்த மகளும் சேர்ந்து அதை நடத்துகிறார்கள். என் அக்கா மகள் அங்கே அடிப்படைப் பயிற்சி முடித்து உரிமம் வாங்கினாள். நெடுங்காலமாகக் கார் ஓட்டிவரும் நான், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் தனியாக நடத்தும் வண்டிக் கட்டுப்பாட்டு வகுப்பில் சேர்ந்தேன். இரண்டையும் பார்த்த பிறகு எழுதும் மதிப்பீடு இது. பயிற்சி கொடுக்க ஆள் மூவர்தான், வரிசையில் ஏற்கெனவே பலர் நிற்கிறார்கள், இணையத்தில் பெயர் போட்டுக் கூட்டத்தைக் கூட்டிவிடாதீர்கள் என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டதால் பள்ளியின் பெயரை எழுதவில்லை. உச்சிப்புளிக் கடைத்தெருவில் எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்.

பள்ளியின் பெயர்ப்பலகையில் பந்தயம் என்ற சொல்லே கிடையாது. குடும்பத் தலைவரும் தாமாக அந்தப் பேச்சை எடுப்பதில்லை, எடுத்துவிட்டால் நிறுத்துவதுமில்லை. இளம் வயதில் தங்கச்சிமடத்திலிருந்து சென்னைக்குப் போய் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர், அந்தப் பட்டறை முதலாளியோடு சோழவரம் போய்வரத் தொடங்கியிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நெடுங்காலம் பந்தயங்களை நடத்திவந்ததும், பிறகு இருங்காட்டுக்கோட்டையில் அந்தக் கிளப்பே தனக்கென்று திடல் கட்டிக்கொண்டதும் பழைய சென்னைக்காரர்கள் அறிந்த கதை. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியபோது, கைக்கு எட்டும் செலவில் பந்தயம் ஓட்ட இந்நாட்டு இளைஞர்களுக்கு முதன்முறையாக வழி பிறந்தது. மாணவர்கள் மாஸ்டர் என்று அழைக்கும் நம் குடும்பத் தலைவர் கார்புரேட்டர் பிரித்துப் பழகியது அந்தக் கார்களில்தான். 1995-இல் கரிவரதன் சிறுவிமான விபத்தில் இறந்த செய்தி பட்டறைக்கு வந்த நாளைப் பற்றி அவர் சொல்லும்போது குரல் மாறிவிடுகிறது. கோவைக்கு அருகே அவர் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இன்று இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாஸ்டர் ஒருபோதும் பந்தயம் ஓட்டியவர் அல்லர். ஓட்டியவர்களுக்கு வண்டியைத் தயார் செய்து கொடுத்தவர். இந்தப் பள்ளியின் பலம் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பந்தயக்காரர் தாம் எவ்வளவு விரைவாகப் போனோம் என்பதை நினைவில் வைத்திருப்பார். எந்தப் பாகம் எந்தச் சுற்றில் எதனால் கைவிட்டது என்பது மெக்கானிக்குக்குத்தான் மறக்காது.

பந்தயப் பள்ளி என்பதே உலகெங்கும் குடும்பத் தொழிலாகத்தான் வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஜிம் ரஸல் என்ற கராஜ்காரர் 1950-களின் பிற்பகுதியில் ஸ்னெட்டர்ட்டன் திடலில் தொடங்கிய பள்ளியைத்தான் இவ்வகைப் பள்ளிகளுக்கு முன்னோடி என்பார்கள். பிரான்சின் மான்யீ-கூர் திடலில் 1963-இல் தொடங்கிய வின்ஃபீல்ட் பள்ளியை வளர்த்தவர்கள் மைக் நைட், ரிச்சர்ட் நைட் என்னும் ஆங்கிலேயச் சகோதரர்கள். பின்னாளில் நான்கு முறை உலகப் பட்டம் வென்ற அலேன் புரோஸ்ட் அந்தப் பள்ளியின் மாணவர். நம் கோவையின் நரேன் கார்த்திகேயன் 1992-இல் அங்கே போய்ப் படித்துவிட்டு வந்துதான் 2005-இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியனாக இருந்தவர். 2010-இல் அதே மேடையேறிய கருண் சந்தோக்கின் தந்தை விக்கி சந்தோக் ராலி ஓட்டியவர். தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெண்களுக்கென்று தனியாகப் பந்தயப் பயிற்சிக்கூடம் தொடங்கிய சென்னையின் அலிஷா அப்துல்லாவும் பைக் பந்தய வீரர் ஆர்.ஏ. அப்துல்லாவின் மகள். பட்டறையும் திடலும் பணச்செலவும் வீட்டோடு கலந்திருந்தால்தான் இந்தத் துறையில் ஒரு பிள்ளை நிலைக்க முடியும் போலிருக்கிறது. நம் உச்சிப்புளிக் குடும்பத்துக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. ஆனால் தொழில் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கிய விதம் அதேதான்.

அமெரிக்காவின் பாப் பாண்டுரன்ட் கதையை மாஸ்டர் அடிக்கடி சொல்கிறார். 1967-இல் வாட்கின்ஸ் கிளென் திடலில் மணிக்கு ஏறத்தாழ 240 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஸ்டீயரிங் பாகம் ஒன்று முறிந்து அவருடைய கார் உருண்டது. படுக்கையில் கிடந்த காலத்தில் யோசித்து, மறு ஆண்டே கலிஃபோர்னியாவில் ஓட்டுநர் பள்ளியைத் தொடங்கினார். நடிகர் பால் நியூமன் உட்பட ஆயிரக்கணக்கானோர் அங்கே பயின்றார்கள். இந்தக் கதையில் மாஸ்டருக்குப் பிடித்த இடம் பள்ளி அல்ல, அந்த முறிந்த பாகம்தான். முதல் நாள் வகுப்பில் அவர் யாரையும் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவிடுவதில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டும், வண்டியைக் குழிமேல் நிறுத்திக்கொண்டும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எங்கே இருக்கிறது, பிரேக் ஹோஸ் எங்கே வெடிப்பு விடும், டயரின் பக்கச்சுவர் புடைத்தால் ஏன் அன்றைக்கே மாற்ற வேண்டும் என்று காட்டுகிறார். என் அக்கா மகள் முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது சுடிதாரில் கிரீஸ் இருந்தது. வண்டி ஓட்டவே விடவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். பணம் கட்டிய எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

இந்த வகுப்பு இந்தக் கடற்கரைக்கு எவ்வளவு தேவை என்பது குழிக்குள் இறங்கி அண்ணாந்து பார்க்கும்போது விளங்குகிறது. இரண்டு கடலுக்கும் நடுவே குறுகிக் கிடக்கும் இந்த நிலத்தில் உப்புக் காற்று படாத வண்டி இல்லை. மதுரையில் பல ஆண்டு தாங்கும் சைலன்சர் இங்கே அதற்கு முன்பே பொத்தலாகிவிடும். இரண்டு மூன்று நாள் எடுக்காமல் நிறுத்திய வண்டியின் பிரேக் டிஸ்க்கில் செந்துரு படிந்திருக்கும். முதல் சில முறை பிரேக் மிதிக்கும்போது கரகரவென்று தேய்த்துக்கொண்டு போகும். அது இயல்பு. ஆனால் துரு டிஸ்க்கின் விளிம்பைத் தாண்டி உள்ளே குழி விழுந்திருந்தால் அது இயல்பல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் விரல் நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லிக் கற்றுத்தருகிறார்: நகம் வழுக்கிக்கொண்டு போனால் ஓட்டலாம், நகம் சிக்கினால் பட்டறைக்குப் போக வேண்டும். தனுஷ்கோடிக்குப் போய் வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவ வேண்டும் என்பது அவருடைய கட்டளைகளில் ஒன்று. நான் இதுவரை மேல்பக்கத்தை மட்டும் பளபளப்பாகத் துடைக்கும் பல பேரைப் பார்த்திருக்கிறேன்.

அன்றாடப் பயிற்சியின் பெரும்பகுதியை நடத்துவது மனைவியார்தான். மாணவர்கள் அவரை டீச்சரம்மா என்கிறார்கள். கணவர் சென்னையை விட்டு ஊர் திரும்பிப் பட்டறை போட்ட பிறகு, கணக்கு எழுத உட்கார்ந்தவர் தாமும் மெக்கானிக் சான்றிதழ்ப் படிப்பை முடித்துப் பயிற்றுநர் தகுதி பெற்றிருக்கிறார். பயிற்றுநருக்கு ஓட்டிய அனுபவம் 5 ஆண்டாவது இருக்க வேண்டும், மோட்டார் மெக்கானிக் சான்றிதழும் வேண்டும் என்பது விதி. பல பள்ளிகளில் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் ஒருவருடையதாகவும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் பையன் வேறொருவனாகவும் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே அப்படியில்லை. இலகுரக வாகனப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக்கூடாது, அதில் வண்டியை ஓட்டும் நேரம் மட்டும் 10 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வதை இவர் எழுத்துக்கு எழுத்து நடத்துகிறார். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு நோட்டு இருக்கிறது. அன்று எத்தனை நிமிடம் ஓட்டினார், எங்கே வண்டி அணைந்தது, எந்தத் திருப்பத்தில் கண்ணாடி பார்க்கவில்லை என்று எழுதி, மாணவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். பாதி நேரத்தை இரண்டு மாணவர்களுக்குப் பங்கு போட்டு ஓட்டவைத்துவிட்டு முழு நேரக் கட்டணம் வாங்கும் வழக்கம் இந்த நோட்டால் நடக்க வழியே இல்லை.

அவர் கற்பிக்கும் முறை அமைதியானது. கத்துவதில்லை. தம் பக்கத்து பிரேக்கை அவர் மிதித்ததாக என் அக்கா மகளுக்கு நினைவே இல்லை. இராமநாதபுரம் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றிக் காலை நேரத்தில் முதன்முறை ஓட்டியபோது, ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்து நின்றதும் இவள் பதறிக் கிளட்சை விட்டு வண்டியை அணைத்துவிட்டாள். பின்னால் ஹார்ன் மழை. டீச்சரம்மா ஜன்னலை இறக்கி, பின்னால் நின்ற லாரிக்காரரைப் பார்த்து ஒரு கையை மட்டும் காட்டிவிட்டு, "அவரு காத்துக்கிருவாரு. நீ மெதுவா எடு" என்றாராம். பயந்த சுபாவம் உள்ளவர்கள், நடுவயதில் கற்க வரும் பெண்கள், ஒரு பள்ளியில் திட்டு வாங்கி நின்றுவிட்டவர்கள் இவரிடம்தான் சேர வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கங்களிலிருந்து கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் இவரைத் தேடி இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

மாஸ்டரோடு ஓட்டுவது வேறு அனுபவம். நல்ல மனிதர், ஆனால் பொறுமை குறைவு. எஞ்சின் சத்தம் கொஞ்சம் திணறினாலே, நாம் கியரை மாற்றுவதற்குள் அவர் கை கியர்க் குச்சிக்கு வந்துவிடும். "பாப்பா, கியரப் பாக்காத, ரோட்டப் பாரு. கியரு எங்கயும் ஓடிப்போயிறாது" என்பதை ஒரு வகுப்பில் எத்தனை முறை சொல்வார் என்பதற்குக் கணக்கில்லை. ஓரளவு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அவரிடம் கிடைக்கும் பாடம் வேறு யாரிடமும் கிடைக்காது. முதன்முறை ஸ்டீயரிங் பிடிப்பவர்கள் சேரும்போதே டீச்சரம்மாவைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இனி ஞாயிறு வகுப்பு. இதை நடத்துவது மகள். இயந்திரப் பொறியியல் படித்தவர், கோவையில் கார்ட்டிங் என்னும் சிறுவண்டிப் பந்தயம் ஓட்டிப் பழகியவர், வேலைக்குப் போகாமல் வீட்டுத் தொழிலுக்கே திரும்பியவர். சீமைக் கருவேலம் அழித்துச் சமன் செய்த ஒரு பொட்டலைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். பெரிய பள்ளிகளில் ஆரஞ்சு நிறக் கூம்புகள் நிற்கும் இடத்தில், இங்கே கவிழ்த்து வைத்த பனையோலைப் பெட்டிகள் நிற்கின்றன. விலை குறைவு, வண்டிக்குக் கீறல் விழாது, நசுங்கினால் சத்தம் நன்றாகக் கேட்கும். நசுங்கிய பெட்டிகளுக்கு டீச்சரம்மாவின் நோட்டில் தனிப் பக்கம் உண்டு. வகுப்பு முடியும்போது அதற்கும் பணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

முதல் பயிற்சி பார்வைக்கு. முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் காக்கிக் காகிதத்தை ஒட்டிவிடுகிறார்கள். பானெட்டும் அதற்கு முன்னால் உள்ள சில மீட்டர் நிலமும் மறைந்துவிடுகின்றன. தொலைவில் இருப்பது மட்டும் தெரிகிறது. நடக்கும் வேகத்தை விடக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில், பெட்டிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகச் சொல்கிறார். இத்தனை காலம் ஓட்டியவர்கள்கூட முதல் சுற்றில் தடுமாறுகிறார்கள். பக்கத்தில் உள்ளதைப் பார்த்துக்கொண்டு ஓட்டும்போது கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. தூரத்தைப் பார்க்கப் பழகியதும் ஸ்டீயரிங்கில் கை அடங்கிவிடுகிறது. பந்தயப் பள்ளிகள் எல்லாம் முதல் நாளே சொல்லும் பாடம் இது: எதைப் பார்க்கிறோமோ வண்டி அங்கேதான் போகும். நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர் லாரியை நோக்கியே ஒதுங்குவார். ஒதுங்க வேண்டிய இடைவெளியைப் பார்த்தால் அந்த இடைவெளிக்குப் போவார்.

அடுத்தது பிரேக். 25 கி.மீ. வேகத்தில் வந்து ஒரு கோட்டில் முழுப்பலத்தோடு பிரேக் மிதித்து, வண்டி நின்ற இடத்தில் பெட்டியை வைக்கிறார்கள். பிறகு 50 கி.மீ. வேகத்தில் அதே கோடு. நிற்கும் தூரம் இரு மடங்குதானே ஆகும் என்று நினைத்து வகுப்பில் இருந்த ஒருவர் இரண்டாம் பெட்டியைத் தாமே கொண்டுபோய் வைத்தார். அந்தப் பெட்டியைத் தாண்டி வண்டி வெகுதூரம் போய் நின்றது. அளந்து பார்த்தால் நான்கு மடங்கை ஒட்டி இருந்தது. வேகம் இரட்டித்தால் வண்டியில் உள்ள இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் படித்ததை அன்று டயர் கருகிய வாடையோடு படித்தோம். கால் பிரேக்குக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் ஓடிவிடும் தூரம் தனி. 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆட்டு மந்தை திடீரென்று ஏறும்போது அந்த ஒரு வினாடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

வளைவுகளைப் பற்றி மகள் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. டயருக்குச் சாலையில் உள்ள பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கு முழுவதையும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, வளைவின் நடுவைத் தாண்டிய பிறகு மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுக்க வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பதறி மிதிக்கும் பிரேக்தான் வண்டியை இழுத்துப் பள்ளத்தில் போடுகிறது.

இந்தப் பள்ளியின் பாடங்களில் வேறெங்கும் நகலெடுக்க முடியாதது மணல். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த சாலையில் போனவர்களுக்குத் தெரியும்: இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார், தாருக்கு மேலே காற்று கொண்டுவந்து போட்ட மணல் நாக்கு நாக்காக நீண்டு கிடக்கும். பார்க்க அழகாக இருக்கும் அந்த மெல்லிய மணல்தான் ஆபத்து. டயருக்கும் தாருக்கும் நடுவே மணிகள் உருளும்போது பிடிப்பு பாதியாகிவிடும். பொட்டலின் ஒரு மூலையில் போட்டிருக்கும் சிமெண்டுத் தளத்தில் கடற்கரை மணலைத் தூவி, அதன்மேல் பிரேக் மிதிக்கவைக்கிறார்கள். ஏ.பி.எஸ்., அதாவது பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, உள்ள வண்டி நிற்காமல் கடகடவென்று அதிர்ந்துகொண்டே போவதை அங்கேதான் உணர்ந்தேன். 2019 ஏப்ரல் முதல் விற்கும் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டதால், இது இருந்தால் எங்கேயும் உடனே நின்றுவிடலாம் என்ற நம்பிக்கை பலருக்கு வந்திருக்கிறது. உதிரி மணலிலும் சரளையிலும் ஏ.பி.எஸ். வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுத்துக்கொள்ளும். அதன் பயன் பிரேக் மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்ப முடிவதில்தான் இருக்கிறது. ஆகவே பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே ஓலைப்பெட்டியைச் சுற்றி ஒதுக்க வேண்டும் என்று பழக்குகிறார்கள். காலை எடுத்துவிடத் தூண்டும் அந்த அதிர்வுக்குப் பழக எனக்குப் பல சுற்று பிடித்தது.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் பாம்பன் பாலத்துக்கும் ஒரு வகுப்பு உண்டு. 1988-இல் திறந்த, 2 கி.மீ.-க்குச் சற்று மேல் நீளமுள்ள சாலைப் பாலத்தில் காற்று தென்கடல் பக்கமிருந்து வண்டியின் விலாவில் அடிக்கும். எதிரே பேருந்து கடக்கும்போது அந்தக் காற்று ஒரு கணம் ஒளிந்துகொண்டு, பேருந்து போனதும் மறுபடி அறையும். காற்றுக்கு எதிராக ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பவர்களின் வண்டி அந்த ஒரு கணத்தில் காற்று வந்த பக்கம் தாவிவிடும். பிடியைத் தளர்த்தி, தொலைவைப் பார்த்து, சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் படமெடுக்கும் வெளியூர்க்காரர்களை என்ன செய்வது என்பதற்கு மட்டும் இந்தப் பள்ளியிலும் பாடமில்லை.

குறைகளும் உண்டு. கட்டணம் சுற்றுவட்டாரப் பள்ளிகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஞாயிறு வகுப்புக்குத் தனிக் கட்டணம். இரட்டை பிரேக் பொருத்திய கார் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பழையது. அது பட்டறைக்குள் போய்விட்டால் வகுப்பு தள்ளிப்போகும். அதைப் பற்றி முன்கூட்டியே தகவல் சொல்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் அல்லர். அக்கா மகள் இரண்டு பேருந்து மாறி வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் உண்டு. வேலை செய்கிறவர்களுக்கு ஏற்ற மாலை நேர வகுப்பு கிடையாது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி இல்லை. வாங்கும் எண்ணமும் மாஸ்டருக்கு இல்லை. கிளட்ச் தெரியாதவருக்கு வண்டி தெரியாது என்பது அவருடைய கட்சி. நகரங்களில் ஆட்டோமேட்டிக் பெருகிவரும் காலத்தில் இது வெறும் பிடிவாதமாகத்தான் எனக்குப் படுகிறது. பொட்டலில் நிழலுக்கு ஒரு தகரக் கொட்டகையைத் தவிர எதுவும் இல்லை; பெண்களுக்குக் கழிப்பறை வசதி பள்ளி வீட்டில்தான் உண்டு, அது அங்கிருந்து நடக்கிற தூரமும் அல்ல. இவ்வளவு பெண்கள் வருகிற இடத்தில் இதை முதலில் சரிசெய்திருக்க வேண்டும்.

பந்தயம் கற்றுத்தருவார்கள் என்று கேள்விப்பட்டு வரும் இளைஞர்கள் ஏமாந்துபோவார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற பிறகு, அப்படி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்கிறார் டீச்சரம்மா. மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்துப் பார்த்து வளர்ந்த மாவட்டம் இது. ஆசை வருவது இயற்கை. அவர்களை மாஸ்டர் திருப்பி அனுப்புவதில்லை. முதலில் பெட்டி ஒன்றும் நசுங்காமல் ஞாயிறு வகுப்பை முடிக்கச் சொல்கிறார். முடித்தவர்களை மகள் கோவைக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ போய் முறையான பயிற்சி முகாமில் சேரச் சொல்லி, என்ன செலவாகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். செலவைக் கேட்டதும் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுகிறார்களாம்.

இந்தப் பள்ளி இன்னும் எத்தனை காலம் இப்படியே இருக்கும் என்பது மகளைப் பொறுத்தது. பாண்டுரன்ட் மனைவியோடு சேர்ந்து நடத்திய பள்ளியே 2018-இல் கடனில் மூழ்கி, பிறகு கைமாறி, 2021-இல் வேறு பெயருக்குப் போய்விட்டது. இங்கே மகளின் தம்பி சவூதியில் இருக்கிறார், திரும்பும் எண்ணம் இல்லை. மகளுக்கு மணமாகி வேறு ஊர் போனால் ஞாயிறு வகுப்பு நின்றுவிடும் என்று டீச்சரம்மாவே ஒப்புக்கொள்கிறார். மகளைக் கேட்டால் "மாப்பிள்ளைய இங்க வரச் சொல்லுங்கண்ணே" என்று சிரிக்கிறார்.

உரிமம் மட்டும் போதும் என்பவர்கள் வீட்டுக்கு அருகே உள்ள பள்ளியிலேயே சேர்ந்துவிடலாம். இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை. நாள்தோறும் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர்கள், குறிப்பாக மீன் வண்டியும் சுற்றுலா வண்டியும் ஓட்டுகிறவர்கள், உரிமம் வாங்கி எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் ஞாயிறு வகுப்பில் சேருவது நல்லது. சேர நினைப்பவர்கள் மாலை 4 மணிக்கு மேல் நேரில் போய் டீச்சரம்மாவைப் பார்க்க வேண்டும், தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். செருப்போடு போனால் வண்டியில் ஏற்றமாட்டார்கள், அடிப்பாகம் மெல்லிதான ஷூ வேண்டும். குடிதண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். ஐப்பசி மழை இறங்கினால் பொட்டலில் தண்ணீர் தேங்கி, தை பிறந்து காயும் வரை ஞாயிறு வகுப்பு கிடையாது. அதனால் ஆவணிக்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும்.